சகலைக்கு ரெண்டு நிமிசம்

காலையில் எழுந்ததும் டிரைவரின் காதில் முதலில் விழுவது சகலை ஒன்றுக்குப் போகும் சத்தம்தான்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இரண்டு குளியலறைக்கும் மேலே ஒரே காற்றுத் துவாரம். அந்தப் பக்கம் கதவு படாரென்று சாத்தும், தாழ்ப்பாள் விழும், அடுத்த நொடியே சர்ரென்று சத்தம் கிளம்பும். அதோடு விட்டாலாவது பரவாயில்லை. கூடவே ஏதோ பழைய பாட்டை மூக்காலேயே முனகுவான். இந்தப் பக்கம் டிரைவர் ஒரு கையைச் சுவரில் ஊன்றி, இன்னொரு கையால் அடிவயிற்றை அமுக்கிக்கொண்டு, பல்லைக் கடித்து நிற்பார். ஒரு சொட்டு விழும். நிற்கும். யோசித்துப் பார்த்து இன்னொரு சொட்டு விழும். அதற்குள் சகலை தண்ணீர் ஊற்றி, கை கழுவி, வெளியே போய் "டீ ஆச்சா?" என்று பெண்டாட்டியைக் கேட்டிருப்பான்.

"பாவிப்பய," என்பார் டிரைவர் சுவரைப் பார்த்து. "ஒண்ணுக்குப் போறதுல உனக்குப் பாட்டு ஒரு கேடா?"

வெளியே அவர் மனைவி கதவைத் தட்டுவாள். "ஏங்க, உள்ள போயி எவ்வளவு நேரமாச்சு! தூங்கிட்டீங்களா?"

"தூங்கலடி. தவம் பண்றேன்."

டிப்போவில் வேலை பார்த்த யாருக்கும் இவர்கள் இருவரின் சொந்தப் பெயர் ஞாபகம் இருக்காது. இவருக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர், அவனுக்கு ரெண்டு நிமிசம் என்று பெயர். இரண்டும் ஒரே பஸ்ஸில் பிறந்த பெயர்கள். இவர் ஓட்டுவார், அவன் டிக்கெட் கிழிப்பான்.

அந்தக் காலத்தில் டிரைவர்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. சீட்டில் ஏறி உட்கார்ந்தவன் கடைசி ஸ்டாண்டில்தான் இறங்க வேண்டும். வழியில் வண்டியை ஓரங்கட்டி வேலிப் பக்கம் ஓடுகிறவனை டிரைவர் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். புதிதாக வேலைக்குச் சேருகிறவனுக்கு முதல் டிரிப்புக்கு முன்னால் ஒரு முழுத் தர்பூசணியை அறுத்துக் கொடுத்துத் தின்னவைத்து அனுப்புவார்கள். அவன் எந்த மைல்கல்லில் இறங்கினான் என்று கண்டக்டர் வந்து சொல்ல வேண்டும். டிப்போவே உட்கார்ந்து சிரிக்கும். நம்ம ஆள் மட்டும் தர்பூசணியைத் தின்று, மேலே ஒரு சோடாவையும் குடித்து, ஏப்பம் விட்டுவிட்டு ஏறியவர். போய்ச் சேர்ந்த பிறகும் உடனே இறங்கவில்லை. கண்ணாடியைத் துடைத்து, சீட்டைத் தட்டி, தலையைச் சீவிக்கொண்டு நிதானமாக இறங்கினார். அன்றைக்கு விழுந்த பெயர்தான் எக்ஸ்பிரஸ்.

அப்படிப்பட்டவர் மற்றவர்களுக்காக நிறுத்துவாரா? பிள்ளைத்தாச்சிகள் கேட்டிருக்கிறார்கள், கிழவர்கள் கெஞ்சியிருக்கிறார்கள். என்ஜினின் சூடு முழங்காலில் அடிக்க, கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல் ஒரே பதிலைச் சொல்லுவார். "அடக்கத் தெரியாதவங்க எதுக்குப் பஸ்ஸுல ஏறுறீங்க?"

சகலை நேர்மாறு. ஒரு ஸ்டாப் விடமாட்டான். விசிலை வாயில் வைத்தபடியே, "அண்ணே, ரெண்டு நிமிசம்" என்று பின்படியில் குதித்துவிடுவான். டிரைவர் வேண்டுமென்றே வண்டியை நகர்த்துவார். தோல் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பேன்ட்டைச் சரி செய்துகொண்டே அவன் பின்னால் ஓடிவருவதைக் கண்ணாடியில் பார்த்து ரசிப்பார். பஸ்ஸே கைகொட்டிச் சிரிக்கும். அவனும் சிரித்துக்கொண்டேதான் ஏறுவான். அந்தக் குணத்துக்காகத்தான் தன் மனைவியின் தங்கையை அவனுக்குப் பேசி முடித்தார். அப்படியாகத்தான் கண்டக்டர் சகலையானதும், ஓய்வு பெற்ற பிறகு ஒட்டிய வீட்டுக்குக் குடிவந்ததும்.

போன வருடம் அவனுக்கு நீர் போவதில் கோளாறு வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனான், ப்ராஸ்டேட் வீக்கம் என்றார்கள், ஆபரேஷன் செய்தார்கள். வீட்டுக்கு வந்து, "மறுபிறவிண்ணே" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னான். அன்றைக்கு ஆரம்பித்தது அந்தச் சத்தம். அதே சமயம் பார்த்து டிரைவருக்கு இந்தச் சனியன் ஆரம்பித்தது. முதலில் தாமதம். பிறகு சன்னமான நூல். பிறகு சொட்டு. நிறைந்திருக்கிறது என்ற உணர்ச்சியே மட்டுப்பட்டுப் போனது. உட்கார்ந்திருக்கும்போதே, இருமும்போதே பேன்ட் நனையும். நாற்பது வருடம் அடக்கி ஆண்டவர், இப்போது தன் வீட்டு நாற்காலியில் பழைய துணியை மடித்துப் போட்டு உட்கார்ந்தார். பஸ்ஸே பார்த்துக் கைகொட்டிச் சிரித்த ஆளோ பாட்டுப் பாடுகிறான். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

இந்த நேரத்தில்தான் மகளுக்குக் குழந்தை பிறந்தது. ஒரே மகள். கல்யாணமாகி எத்தனையோ வருடம் ஏங்கி, இனி இல்லை என்று எல்லோரும் வாயை மூடிக்கொண்ட பிறகு பிறந்த பெண் குழந்தை. மகள் இருப்பது மலைக்கு அந்தப் பக்கம். ரயில் கிடையாது. விடியலில் ஏறினால் சாயந்திரம் கொண்டுபோய் விடுகிற பஸ் ஒன்றுதான். போனில் குழந்தையின் முகத்தைப் பார்த்ததிலிருந்து டிரைவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "என் நெத்திடி அது. அப்படியே என் நெத்தி" என்று மனைவியிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். வெளியே விடாத மழை. வீடு முழுக்கக் கயிறு கட்டி, காயாத துணிகள் தொங்கின. அதில் பாதி டிரைவருடைய பேன்ட்.

"ஏங்க, நான் ஒண்ணு சொன்னா கோவப்படக் கூடாது."

"சொல்லு."

"அவ்வளவு தூரம் பஸ்ஸுல உங்களால முடியாது. வழியில எங்க நிறுத்துவான்? மாத்துத் துணிக்கே ஒரு பெட்டி வேணும். நானும் தங்கச்சியும் போயிட்டு வந்துடறோம். துணைக்குத் தம்பி வரேன்னு சொல்லிருச்சு. நீங்க உடம்பு சரியானதும் பொறுமையா..."

"எந்தத் தம்பி?"

"எந்தத் தம்பின்னா? பக்கத்து வீட்டுத் தம்பிதான்."

டிரைவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். பின்னால் ஈரமாக இருந்ததால் உடனே உட்கார்ந்துகொண்டார். "என் பேத்திய அவன் மொதல்ல தூக்கணும். அதான உன் திட்டம்?"

"அய்யோ, யாரு மொதல்ல தூக்குனா என்ன? குழந்தை தேஞ்சா போயிடும்?"

"நாப்பது வருசம் என் வண்டிக்குப் பின்னால ஓடி வந்த பய. இப்ப எனக்கு முன்னால போறானா?"

"நல்லா இருக்கு உங்க பேச்சு! அது ஒரு வார்த்தை உங்களத் தப்பாப் பேசியிருக்குமா? நேத்துகூட, அண்ணன் வரட்டும் அண்ணி, நான் எதுக்குன்னுதான் இழுத்துச்சு. நான்தான் வற்புறுத்தினேன்."

"இழுத்தானா? நடிப்புடி! அவனுக்கு எனக்கு மேல ஒரு படி ஏறணும். அதுக்குத்தான் இந்தப் பணிவு."

அவள் மடித்த துணியைப் பொத்தென்று கட்டிலில் வைத்தாள். "அப்ப ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்க. எத்தனை மாசமா நான் தொண்டைத் தண்ணி வத்தக் கத்துறேன்?"

போனார். சகலை போன அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டர். உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டார். "எங்க சகலைக்கு என்ன ஆபரேஷன் பண்ணீங்களோ அதையே எனக்கும் பண்ணிருங்க. கூடவும் வேணாம், குறையவும் வேணாம்."

டாக்டர் சிரித்துவிட்டார். ஒரு புனலுக்குள் ஒன்றுக்குப் போகச் சொன்னார்கள். அடியில் இருந்த மெஷின் தாளில் கோடு போட்டது. தரையோடு தரையாக ஊர்ந்து, அங்கங்கே லேசாகத் தலை தூக்கி, மறுபடி படுத்துக்கொண்ட கோடு. பிறகு வயிற்றில் ஸ்கேன் வைத்துப் பார்த்தார்கள். போய்விட்டு வந்த பிறகும் சிறுநீர்ப்பை முட்ட இருந்தது. இன்னொரு நாள் வரச் சொல்லி, மெல்லிய குழாய் விட்டு, உள்ளே எவ்வளவு அழுத்தம் வருகிறது என்று பார்த்தார்கள். அந்தச் சங்கடத்தையெல்லாம் டிரைவர் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "சகலை கோடு எப்படி இருந்துச்சு?"

"அதெல்லாம் சொல்லக் கூடாதுங்க," என்றார் டாக்டர். "உங்க கதைக்கு வாங்க. அவருக்கு வழி அடைச்சிருந்துச்சு. அடைப்பைச் செதுக்கி எடுத்தோம், போயிடுச்சு. உங்களுக்கு வழி திறந்துதான் இருக்கு. தள்ளுறதுக்குத்தான் பலம் இல்ல."

"புரியலையே."

"சிறுநீர்ப்பைங்கறது தசை. நெறஞ்சதும் அது சுருங்கித் தள்ளணும். உங்களோடது தளர்ந்துபோச்சு. விரிஞ்சு விரிஞ்சு தொளதொளன்னு கெடக்கு. நெறஞ்சதே உங்களுக்குத் தெரியறதில்ல பாருங்க. வழியுறதத்தான் நீங்க போறதா நெனச்சுக்கறீங்க. இதுக்கு ஆபரேஷன் பண்ணி ஒரு பிரயோசனமும் இல்ல."

"எதனால இப்படி?"

"வயசு ஒண்ணு. சர்க்கரை ஒண்ணு. ரொம்பக் காலம் அடக்கின பழக்கமும் சேர்ந்திருக்கலாம். இதனாலதான்னு ஒண்ணப் பிரிச்சுச் சொல்ல முடியாது. என்ன வேலை பார்த்தீங்க?"

டிரைவர் ஜன்னலைப் பார்த்தார். கூட வந்திருந்த மனைவிதான் பதில் சொன்னாள். "எக்ஸ்பிரஸ் ஓட்டுனாருங்க."

மெல்லிய டியூப் ஒன்றைத் தானே விட்டு, தினமும் சில தடவை காலி செய்துகொள்ளலாம், பழகினால் சிரமமே இல்லை, அப்படியே விட்டால் கிட்னிக்கு ஆபத்து என்றார் டாக்டர். "எனக்கா? டியூபா?" என்று டிரைவர் எழுந்து வந்துவிட்டார். வழி நெடுக ஒரே புலம்பல். "அவனுக்கு ஆபரேஷன், எனக்கு டியூபாம். அவனுக்குன்னா வழி செதுக்குவாங்க, எனக்குன்னா பலம் இல்லம்பாங்க. யாருக்குடி பலம் இல்ல? எனக்கா?"

இரண்டு நாள் கழித்து, சர்க்கரை கடன் வாங்கும் சாக்கில் சகலை வீட்டுக்குப் போனார். சகலை முதுகைக் காட்டி நின்று, ஒரு மாத்திரையைப் பிரித்து அவசர அவசரமாக வாயில் போட்டுக்கொண்டிருந்தான். இவரைக் கண்டதும் அட்டையை டிவிக்குப் பின்னால் தள்ளினான்.

"என்ன மாத்திரை?"

"சும்மா... சத்து மாத்திரைண்ணே."

திருட்டு முழி. டிரைவருக்குச் சுரீரென்று பிடிபட்டது. அடப்பாவி, அந்தச் சத்தத்தின் ரகசியம் இதுதானா? ஆபரேஷன், செதுக்கல் என்று ஊருக்குக் கதை சொல்லிவிட்டு, உள்ளுக்குள் மாத்திரை போட்டுக்கொண்டு பாட்டா பாடுகிறாய்? சகலை சர்க்கரை எடுக்க உள்ளே போன நேரத்தில் டிவிக்குப் பின்னால் கைவிட்டு, அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஆயுசில் அடுத்தவன் பொருளைத் தொடாதவர். அன்றைக்கு மனசு கொஞ்சமும் உறுத்தவில்லை.

அன்று ஒரு மாத்திரை, மறுநாள் ஒன்று. வாய் வறண்டது. அந்தப் பக்கம் சகலை வீட்டில் டிவியை நகர்த்துவதும், பீரோவைத் திறப்பதும், "நீ துடைக்கும்போது எங்கயாவது போட்டியா?" என்று பெண்டாட்டியைக் கடிந்துகொள்வதும் சுவர் வழியாகக் கேட்டது. தேடுடா தேடு என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு, பலன் சீக்கிரம் வரட்டும் என்று மூன்றாம் நாள் இரண்டாகவே போட்டுக்கொண்டார்.

வந்த பலன் வேறு. மதியத்துக்கு மேல் சொட்டும் நின்றுபோனது. எத்தனை தடவை போய் நின்றும் ஒன்றும் இல்லை. அடிவயிறு தம்மென்று ஏறி, தொட்டாலே வலித்தது. எப்போதும் ஒன்றுமே உணராதவர் அன்றைக்கு வேர்த்து விறுவிறுத்து, குளியலறைத் தரையில் உட்கார்ந்து, "யாராவது வாங்களேன்" என்று கத்தினார். முதலில் ஓடிவந்தது சகலைதான். கொட்டுகிற மழையில் தெருமுனைவரை ஓடி வண்டி பிடித்து வந்து, தோளில் கைபோட்டுத் தூக்கி ஏற்றி, ஒவ்வொரு குழிக்கும் "மெதுவாப்பா, மெதுவா" என்று வண்டிக்காரனிடம் கெஞ்சிக்கொண்டே கூட்டிப்போனான்.

டியூப் போட்டதும் அதில் மாட்டிய பை நிறைந்தது. இன்னொரு பை மாற்றினார்கள். மீசைக்கார நர்ஸ் ஒருவர் பையைத் தூக்கிப் பார்த்து, "ஒரு குடும்பத்துக்கே ஆகும் போல இருக்கே பெரியவரே" என்றார். டிரைவருக்கு உயிர் திரும்பி வந்தது. ஈரச் சட்டையைக் கழற்றும்போது சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டை கீழே விழுந்தது. டாக்டர் எடுத்துப் பார்த்தார்.

"இதை யார் உங்களுக்குக் கொடுத்தது?"

சகலை அட்டையைப் பார்த்தான், டிரைவரைப் பார்த்தான். "என்னோடதுங்க," என்றான் டாக்டரிடம். "நான்தான் அங்க விட்டுட்டுப் போயிட்டேன் போல. அண்ணன் தெரியாம போட்டிருப்பாரு."

டாக்டர் இருவருக்கும் சேர்த்து ஒரு பாட்டம் திட்டிவிட்டுப் போனார். சகலை ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கட்டில் பக்கம் உட்கார்ந்தான். அவன் சட்டையிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டியது.

"ஏண்ணே எடுத்தீங்க?"

"நீ ஏன் ஒளிச்ச? நல்லாப் போறதுக்கு மாத்திரைய வச்சுக்கிட்டு, ஒருத்தனுக்கும் சொல்லாம நீயே முழுங்கிக்கிட்டிருந்தா?"

"போறதுக்கா?" சகலை வாயைப் பிளந்தான். "அண்ணே, இது அடக்குறதுக்கு உண்டான மாத்திரை."

டிரைவர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"ஆபரேஷன் பண்ணி வழி நல்லாத்தான் ஆச்சு. ஆனா வந்துச்சுன்னா ஒரு நொடி நிக்காது. படார்னு கதவச் சாத்துறேனே, பாதி நாள் அதுக்கு முன்னாடியே ஆயிடும். பாட்டு எதுக்குப் பாடுறேன்னு நெனச்சீங்க? தாழ்ப்பாள் போடற வரைக்கும் கவனத்தத் திருப்பத்தான். வெளிய போனா..." அவன் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "சின்னப் புள்ளைங்களுக்குக் கட்டுவாங்களே, அதத்தான் கட்டிக்கிட்டுப் போறேன். உங்க கொழுந்தியாளுக்கு மட்டும்தான் தெரியும். இந்த மூணு நாளா மாத்திரை இல்லாம பட்ட பாடு இருக்கே, வாசப்படி தாண்டல."

"ஊருக்கு வரேன்னு ஏன் ஒத்துக்கிட்ட?"

"அண்ணி கேக்கறப்ப முடியாதுன்னா, ஏன்னு கேப்பாங்களே. என்னன்னு சொல்றது? எனக்குத் தூக்கமே போச்சுண்ணே. உங்கள நெனச்சாத்தான் எனக்கு ஆத்தாமையா இருக்கும். டிவி முன்னாடி உக்காந்தா சினிமா முடியற வரைக்கும் கல்லு மாதிரி உக்காந்திருப்பீங்க. நான் ஒரு பாட்டு முடியறதுக்குள்ள ரெண்டு தடவ எந்திரிப்பேன். கொடுத்து வச்ச மனுசன்னு வயிறெரிவேன்."

இப்படிப்பட்ட நேரத்தில் மனுசனுக்குக் கண் கலங்க வேண்டும். டிரைவருக்குச் சந்தோஷம்தான் வந்தது. அப்பாடா, அந்தச் சத்தத்துக்குப் பின்னால் இத்தனை சிக்கலா! எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு மனசு குளிர்ந்தது. அதற்குப் பிறகுதான், கொஞ்சம் தாமதமாக, அவன் சட்டை சொட்டுவது கண்ணில் பட்டது.

"சட்டையப் பிழிஞ்சு போடுய்யா. சளி பிடிச்சுத் தொலைக்கப் போகுது," என்றார்.

மீசைக்கார நர்ஸ்தான் டியூப் விடக் கற்றுக்கொடுத்தார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதிலிருந்து ஆரம்பித்தார். முதல் நாள் டிரைவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். மனைவி, "நான் வேணா செஞ்சு விடறேனே" என்றாள். "நீ வெளிய போடி மொதல்ல" என்றார். பேத்தியின் புது வீடியோ வந்தது. கொட்டாவி விடுகிறாள், அவ்வளவுதான். அதைப் பத்து முறை போட்டுப் பார்த்துவிட்டு, "எங்கய்யா அந்த டியூப்பு?" என்று தானே கேட்டார்.

"அவசரப்படாதீங்க. புது வண்டியில கியர் போடற மாதிரி நெனச்சுக்கங்க," என்றார் நர்ஸ்.

"எனக்கே கியர் சொல்லித் தர்றியா?" என்றார் டிரைவர். ஆனால் அப்படித்தான் செய்தார். வந்தது. வலியில்லாமல், சத்தமில்லாமல் காலியானது. வீட்டுக்கு வந்த பிறகு ஷேவிங் சாமான் வைக்கிற ஜிப் பையில் டியூப்புகளை அடுக்கி வைத்துக்கொண்டார். பேன்ட் காய்ந்தது. கயிற்றில் துணி குறைந்தது. அந்தப் பக்கத்துச் சத்தம் மட்டும் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. உள்ளே இருக்கிற சங்கதியெல்லாம் தெரிந்தும், அது கேட்கும்போது வயிறு எரியத்தான் செய்தது. என்ன செய்ய, அவனுக்குத் தானாக வருகிறதே!

ஊருக்கு நால்வரும் கிளம்பினார்கள். ஸ்டாண்டு கழிப்பறையில் டிரைவர் ஜிப் பையோடு உள்ளே போக, சகலை கதவுக்கு வெளியே காவல் நின்றான். தட்டியவர்களிடமெல்லாம், "ரெண்டு நிமிசம், பெரியவர் உள்ள இருக்காரு" என்றான். அதன் பிறகு அவன் போனான். டிரைவர் டீ வாங்கி வந்தபோது அவன் வேண்டாம் என்று தலையாட்டினான். பெண்கள் இருவரும் முன்சீட்டில், இவர்கள் இருவரும் பின்சீட்டில்.

பஸ்ஸை ஓட்டியவன் இளம் டிரைவர். கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் கைக்குட்டை, ஒரு கை ஸ்டியரிங்கில். நல்ல கை. வளைவுகளில் அவன் கியர் மாற்றுவதை டிரைவர் பொறாமையோடு காதால் கேட்டுக்கொண்டு வந்தார். மலையேறியதும் மழை வலுத்தது. ஓரிடத்தில் மண் சரிந்து, அதை அள்ளி வழிவிடுகிறவரை வண்டி வரிசையில் நின்றது. பின்னாலும் முன்னாலும் லாரி ஒட்டி நின்றதால் யாரும் இறங்கவும் வழியில்லை. அப்புறம் இழந்த நேரத்தைப் பிடிக்க இளம் டிரைவர் வண்டியை விரட்ட ஆரம்பித்தான்.

சகலை பாட்டை முனக ஆரம்பித்தான்.

டிரைவர் திரும்பிப் பார்த்தார். அவன் இரண்டு முழங்காலையும் ஒட்டி வைத்து, முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்திருந்தான். நெற்றியில் வியர்வை.

"என்னய்யா?"

"ஒண்ணுமில்லண்ணே."

"கட்டியிருக்கியா?"

"கட்டியிருக்கேன். அது எப்பவோ நெறஞ்சிருச்சு. இனிமே சீட்டுதான்." முன்சீட்டுப் பக்கம் கண்ணைக் காட்டினான். "அண்ணி முன்னாடி இருக்காங்கண்ணே. புதுத்துணி போட்டுக்கிட்டு வந்திருக்கேன். இந்தக் கோலத்துலயா போயி நிக்கிறது குழந்தை முன்னாடி?"

கடந்துபோன கண்டக்டரைக் கையைப் பிடித்து நிறுத்தி ஏதோ கெஞ்சினான். அந்தப் பையன் நின்றுகூடக் கேட்கவில்லை. "இங்கல்லாம் நிக்காது பெரியவரே. டிரைவர் ஒத்துக்க மாட்டாரு. அடுத்த ஸ்டாண்டு வரைக்கும் பொறுத்துக்கங்க" என்று போய்விட்டான்.

டிரைவருக்குள் ஒரு பழைய பிசாசு எழுந்து உட்கார்ந்து சிரித்தது. படட்டும். சத்தமாகப் போனான் அல்லவா? பாட்டுப் பாடினான் அல்லவா? தன் பேத்தி முன்னால் இவன் நனைந்த பேன்ட்டோடு போய் நின்றால் யார் முதலில் தூக்குவார்கள் என்ற கேள்வியே இல்லை. பிசாசு அப்படியே பேசிக்கொண்டிருக்க, மழையில் நனைந்து ஓடி வண்டி பிடித்த ஆளும் ஞாபகத்துக்கு வந்து தொலைத்தான். என்னோடதுங்க என்று டாக்டரிடம் ஏச்சு வாங்கியவன்.

"எழவெடுத்தவன்," என்று முணுமுணுத்துக்கொண்டே டிரைவர் எழுந்தார்.

ஆடுகிற பஸ்ஸில் கம்பி பிடிக்காமல் நடந்து முன்னால் போனார். அந்தக் கால் இன்னும் மறக்கவில்லை. மனைவி, "ஏங்க, எங்க போறீங்க?" என்றாள். காதில் வாங்கவில்லை. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் போய், என்ஜின் மூடிமேல் கை வைத்தார். அதே சூடு.

"தம்பி, கொஞ்சம் ஓரங்கட்டு. எனக்கு ஒண்ணுக்கு வருது."

"இங்க நிறுத்த முடியாது, போய் உக்காருங்க."

"நானும் டிரைவர்தாம்ப்பா. எக்ஸ்பிரஸ் ஓட்டினவன்."

இளம் டிரைவர் கண்ணை ரோட்டிலிருந்து எடுக்கவில்லை. பஸ்ஸுக்கே கேட்கும்படி சிரித்தான். "டிரைவர்னு வேற சொல்றீங்க. அடக்கத் தெரியாது உங்களுக்கு?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். டிரைவருக்குக் காது சூடானது. தர்பூசணி நினைவுக்கு வந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் தலை சீவியது நினைவுக்கு வந்தது. அடிவயிற்றில் ஒரு உணர்ச்சியும் இல்லை. வேண்டுமானால் கடைசி ஸ்டாண்டு வரைக்கும் இப்படியே நிற்கலாம்.

"தெரியாதுப்பா," என்றார். "எனக்கு அடக்கத் தெரியாது. நிறுத்து, இல்லன்னா உன் என்ஜின் மேலயே போயிடுவேன்."

பிரேக் விழுந்தது.

டிரைவர் திரும்பி, பின்சீட்டைப் பார்த்துக் கத்தினார். "யோவ் சகலை, குடையக் கொண்டா! எனக்கு ஒத்தாசைக்கு ஆளு வேணாமா?"

சகலை குடையைப் பேன்ட்டுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு பின்படி வழியாகப் பாய்ந்தான். டிரைவர் முன்படியில் இறங்கினார். இறங்கித் திரும்பிப் பார்த்தால், அவருக்குப் பின்னால் ஒரு பெரியவர் இறங்குகிறார். அவருக்குப் பின்னால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி. அவளுக்குப் பின்னால் காலேஜ் பையன்கள். அவர் மனைவியும் கொழுந்தியாளும் கையைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கப் பாறை மறைவுக்கு ஓடினார்கள். பாதி பஸ் காலியாகிவிட்டது. அத்தனை பேரும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து வந்திருக்கிறார்கள். டிரைவர் மழையில் நின்று அவர்களைப் பார்த்தார். அவர் ஓட்டிய பஸ்களிலும் இப்படித்தான் உட்கார்ந்திருந்திருப்பார்கள்.

சகலை ஒரு மரத்தடியில் நின்றான். இவரும் பக்கத்தில் போய் நின்றுகொண்டார், நிறுத்தச் சொல்லிக் கேட்டவரே போகாமல் இருந்தால் நன்றாக இருக்காதே. சர்ரென்று சத்தம் கிளம்பியது. சுவர் இல்லாமல், துவாரம் இல்லாமல், இலைகள் மேல் நேராகக் கேட்டது. மழைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. ஆகா என்று இருந்தது டிரைவருக்கு. வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

"அண்ணே, நீங்க போகலையா?"

"எனக்கு வரலையே."

சகலை திரும்பிப் பார்த்தான். புரிந்துகொள்ள அவனுக்குச் சற்று நேரம் பிடித்தது. முகம் கோணியது. "அண்ணே..."

"இந்தப் பக்கம் திரும்பாதய்யா, மேல தெறிக்கப் போகுது. அப்புறம் சொல்லிட்டேன், குழந்தைய நான்தான் மொதல்ல தூக்குவேன்."

"நீங்கதாண்ணே. பின்ன யாரு?"

பஸ் ஹாரன் அடித்தது. ஆட்கள் ஓடி ஏறத் தொடங்கினார்கள். இளம் டிரைவர் என்ஜினை உறுமவிட்டு, வண்டியை ஒரு அடி நகர்த்தினான். சகலைக்கு இன்னும் முடியவில்லை. பழைய பழக்கத்தில் பதறி, அப்படியே பாதியில் ஓடப் பார்த்தான். டிரைவர் அவன் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டு, ரோட்டுக்கு ஏறி, பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்று கையை உயர்த்தினார்.

"ரெண்டு நிமிசம்!" என்று கத்தினார். "ரெண்டு நிமிசம்ப்பா!"